வலையும் நூலும்

எங்கள் வீட்டுப் பரணில் ஐந்து பைண்டு புத்தகங்கள் இருக்கின்றன. என் அம்மிச்சி கட்டி வைத்தவை. 'கல்கி' பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்துகொண்டிருந்த 'பொன்னியின் செல்வ'னைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, பாகத்துக்கு ஒரு புத்தகமாக, ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் இருந்த ஒரு பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியிருக்கிறாள். முதுகுக்குக் காலிகோ துணி. பசையில் மயில்துத்தம் கலந்திருந்தார் போலும்; எழுபது வருஷமாகியும் பூச்சி தொடவில்லை. நான் அந்த நாவலை முதன்முதலில் படித்தது இந்தப் புத்தகங்களில்தான். மணியம் வரைந்த வந்தியத்தேவன் ஒரு பக்கத்தில் குதிரைமேல் போவான். தாளைத் திருப்பினால் கூந்தல் தைல விளம்பரத்தில் பாதி இருக்கும். மற்றப் பாதி எந்தத் தாளோடு போயிற்றோ! இன்றைக்கும் வீராணம் ஏரி என்றால் எனக்கு அந்தத் தைலக்காரியின் பின்னல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இரண்டாம் பாகத்தில் ஓர் அத்தியாயம் மட்டும் அச்சில் இல்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மசியில் இருக்கிறது. அந்த வார இதழ் எப்படியோ கைக்கு வராமல் போக, அடுத்த தெருவில் ஒரு வீட்டிலிருந்து இரவல் வாங்கி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து அம்மிச்சி எழுதிச் சேர்த்தது. அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு.

இந்தப் பழங்கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நானும் ஒரு பைண்டர் வேலையில் இறங்கினேன். துணியும் பசையும் இல்லாத பைண்டிங். இணையத்தில் கிடக்கிற எழுத்தை மின்னூலாகக் கட்டுகிற காரியம். அதில் கண்டதைச் சொல்லி, அப்படிக் கட்டப்படுகிற தமிழ் நூல்களைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. யந்திர சமாசாரம் கொஞ்சம் வரும். வாசகர்கள் பயப்பட வேண்டாம். காலேஜில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்ட எனக்கே புரிந்திருக்கிறது.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்த வாத்தியார் ஒருவர், ஓய்வு பெற்ற பிறகு 2008-ல் வலைப்பதிவு எழுத ஆரம்பித்தார். அந்தக் காலம் தமிழில் வலைப்பதிவுக்கு நல்ல மழைக்காலம். 2004-ல் 'தமிழ்மணம்' என்ற திரட்டி வந்து, யார் எங்கே என்ன எழுதினாலும் ஓரிடத்தில் காட்டிக் கொடுத்தது. எங்கள் ஈரோட்டிலேயே 2009-லும் 2010-லும் வலைப்பதிவர்கள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். வாத்தியார் எழுதியதெல்லாம் பவானி ஜமக்காளத் தறிகள், காலிங்கராயன் வாய்க்கால், அந்தியூர்க் குதிரைச் சந்தை, மஞ்சள் மண்டித் தரகர்கள் கைத்துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிய கதை, இப்படி. மொத்தம் 317 பதிவு. பெரிய எழுத்தாளர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும் என்கிற விஷயங்கள் அதில் நிறைய இருந்தன.

அவர் காலமாகி இரண்டு வருஷமாகிறது. அவருடைய மகள் ஒருநாள் பவானியிலிருந்து வந்தார். அந்த வலைத்தளத்துக்கு வருஷா வருஷம் பணம் கட்டிவந்தவர் அப்பா. அடுத்த தவணை நெருங்குகிறது. கட்டாவிட்டால் எல்லாம் போய்விடும் என்று கடுதாசி வந்திருக்கிறது.

"ஏனுங்கண்ணா, இதையெல்லாம் ஒரு பொஸ்தகமாட்டக் கட்டிக் குடுக்க முடியுங்களா? அச்சடிக்க வேண்டாமுங்க. போன்ல வெச்சுப் படிச்சாப் போதும்."

போய்விடும் என்பது வெறும் மிரட்டல் இல்லை. ஜியோசிட்டீஸ் என்ற பெரிய இடத்தில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பேர் இலவசமாக வலைப்பக்கம் வைத்திருந்தார்கள். 2009-ல் அதை மூடினார்கள். எத்தனையோ பக்கங்கள் அதோடு மறைந்தன. காகிதம் மக்குவதற்கு ஐம்பது வருஷம் ஆகும், அதற்குள் பரணில் யார் கண்ணிலாவது படும். வலைப்பக்கம் ஒரே ராத்திரியில் போகிறது.

நிற்க. எனக்கு இந்த வித்தை தெரியாது. என் அக்காள் மகன் பொறியியல் படிக்கிறான்; அவனிடம் கேட்டேன்.

"அதுக்கொரு லைப்ரரி இருக்குதுங்க மாமா. ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுரும்."

லைப்ரரி என்றதும் எனக்குச் சின்ன வயதில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்த கிளை நூலகம் கண்முன் வந்தது. இது வேறு. நிரல் எழுதுகிறவர்கள், ஒருவர் எழுதிய நிரலை மற்றவர்களும் எடுத்து உபயோகிக்கிற மாதிரி மூட்டை கட்டி வைத்தால் அதற்கு லைப்ரரி என்று பெயர் சொல்கிறார்கள். பாஷையின் பெயர் ஜாவாஸ்கிரிப்ட். 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் செய்தாராம். உலகத்து வலைப்பக்கங்களில் பெரும்பாலானவை இன்று அதில்தான் ஓடுகின்றன.

மருமகன் இரண்டு லைப்ரரிகளை எடுத்தான். ஒன்று வலைப்பக்கத்திலிருந்து கட்டுரையை மட்டும் உரித்தெடுப்பது. இன்னொன்று உரித்ததை மின்னூலாகக் கட்டுவது. கட்டுகிற வேலை சுலபம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இபப் என்கிற மின்னூல் வடிவம் 2007-ல் தரப்படுத்தப்பட்டது. கேட்டால் என்னவோ போல் இருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது சின்னச் சின்ன வலைப்பக்கங்கள் சிலவற்றை ஒன்றாகச் சுருட்டி ஜிப் செய்த ஒரு பொட்டலம்தான். பொட்டலத்தின் முதலில் 'நான் இன்ன ஜாதிக் கோப்பு' என்று சொல்லுகிற ஒரு வரி. பிறகு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு ஜாபிதா. பிறகு எதற்குப் பின் எது என்று ஒரு வரிசை. இந்த வரிசைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்பைன்'. முதுகெலும்பு. புத்தகத்தின் முதுகுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். மணிக்கூண்டு பைண்டர் காலிகோ ஒட்டிய இடம் அது.

உரிக்கிற லைப்ரரியில்தான் விஷயம் இருக்கிறது. அதன் பெயர் ரீடபிலிட்டி. 2009-ல் நியூயார்க்கில் ஆர்க்90 என்ற நிறுவனத்தார் முதலில் செய்தது. பிறகு மொஸில்லாக்காரர்கள் எடுத்துச் செப்பனிட்டு, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் பக்கத்தைச் சுத்தமாக வாசிக்கிற வசதிக்கு உபயோகிக்கிறார்கள். ஒரு வலைப்பக்கத்தில் கட்டுரை மட்டுமா இருக்கிறது? மேலே பலகை, பக்கத்தில் பட்டியல், விளம்பரம், கீழே பின்னூட்டம். இவற்றுக்கு நடுவில் கட்டுரை எது என்று மனிதக் கண் உடனே சொல்லிவிடும். யந்திரத்துக்குத் தெரிய வேண்டுமே! அதற்காக அது மார்க்குப் போடுகிறது. ஆமாம், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி. மருமகன் அந்த நிரலைத் திறந்து வரி வரியாக எனக்கு விளக்கினான். நான் இருபது வருஷமாகக் கதை எழுதி விமர்சகர்களிடம் மார்க் வாங்கி வருகிறவன். இவ்வளவு வெளிப்படையாகத் தன் அளவுகோலை எழுதி வைத்த ஒரு விமர்சகரை இதற்கு முன்னால் நான் சந்தித்ததில்லை.

பத்தி ஒன்று 25 எழுத்துக்குக் குறைவாக இருந்தால் கணக்கிலேயே சேராது. அதற்கு மேல் இருந்தால், பத்தி என்பதற்காக ஒரு மார்க். அதிலுள்ள ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு மார்க். நூறு எழுத்துக்கு ஒன்று வீதம் நீளத்துக்கு, ஆனால் மூன்றுக்கு மேல் கிடையாது. இந்த மார்க்கெல்லாம் பத்தியை வைத்திருக்கிற பெட்டிக்குப் போய்ச் சேரும். பெட்டியின் பெயரில் 'கட்டுரை', 'உள்ளடக்கம்' என்ற மாதிரி ஆங்கிலச் சொல் இருந்தால் சலுகை. 'பின்னூட்டம்', 'பக்கப்பட்டை' என்றிருந்தால் சந்தேகம். சுட்டிகள் மலிந்த பெட்டிக்கு மார்க் குறையும். கடைசியில் எந்தப் பெட்டி அதிக மார்க் வாங்குகிறதோ அதுதான் கட்டுரை. இப்படி எடுத்தது 500 எழுத்துக்குக் குறைவாக இருந்தால் யந்திரத்துக்குத் திருப்தி வராது. தன் சந்தேகங்களைத் தளர்த்திக்கொண்டு, தள்ளிய பெட்டிகளையும் சேர்த்து மறுபடி தேடும்.

காற்புள்ளிக்கு ஒரு மார்க்! யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பட்டியலிலும் பலகையிலும் காற்புள்ளி வராது. தொடர்ந்து எழுதுகிற உரைநடையில்தான் வரும். ஆனால் அது ஆங்கில உரைநடையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. நம்முடைய ஏட்டுச் சுவடியில் காற்புள்ளி ஏது? மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் எழுதிக்கொண்டு போனவர்கள் நாம். அச்சு வந்த பிறகுதான் இந்தக் குறிகளெல்லாம் நமக்குப் பழகின. செய்து, போய், பார்த்து, வந்து என்று வினையெச்சத்திலேயே வாக்கியத்தை நீட்டிக்கொண்டு போகிற தமிழனுக்குக் காற்புள்ளி இல்லாமலே காரியம் நடக்கும். வாத்தியாருடைய நடை அப்படிப்பட்டது.

எழுத்தை எண்ணுவதிலும் ஒரு வேடிக்கை. 'வீடு' என்பது நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடு முறையில் யந்திரத்துக்கு அது நான்கு: 'வ', அதன்மேல் ஈகாரக் குறி, 'ட', அதன்மேல் உகாரக் குறி. ஆக 500 என்று யந்திரம் சொல்லுவது தமிழ் இலக்கணக் கணக்கில் சுமார் 300 எழுத்து. இந்த ஒரு விஷயத்தில் நமக்கு லாபம்தான்.

மருமகன் சொன்னபடி இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. ராத்திரி நூலைத் திறந்தேன். 317 அத்தியாயம், பொருளடக்கம், அட்டைக்கு வாத்தியாரின் புகைப்படம். எழுத்துச் சிதையவில்லை. முதலில் எனக்கு உண்டானது ஆச்சரியம்தான், அதை மறைப்பானேன்.

படிக்க ஆரம்பித்த பிறகு வேறு மாதிரி ஆயிற்று. வலைப்பதிவில் புதியது மேலே, பழையது கீழே. யந்திரம் அந்த வரிசையிலேயே கட்டிவிட்டது. நூல் வாத்தியாருடைய ஆஸ்பத்திரி நாட்களில் ஆரம்பித்து, 'வணக்கம், நானும் எழுத வந்துவிட்டேன்' என்ற உற்சாகத்தில் முடிகிறது. நவீன நாவலாசிரியர் ஒருவர் வேண்டுமென்றே செய்திருந்தால் உத்தி என்று பாராட்டியிருப்போம். 'மேலே உள்ள படத்தைச் சொடுக்கிப் பெரிதாகப் பார்க்கவும்' என்கிறார். மேலே படம் இல்லை. 'இதைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறேன்' என்கிறார்; 'அங்கே' என்ற சொல் நீல நிறத்தில் கோடிட்டு நிற்கிறது, விரலை வைத்தால் எங்கோ மூடிப்போன ஒரு வாசலைத் தட்டுகிறது. தீபாவளி வாழ்த்து பதினொரு வருஷத்துக்குப் பதினொன்று.

இவை வரிசையை மாற்றியும் அடித்தும் சரிசெய்யக்கூடியவை. இதே குறைகளைத் தமிழ் மின்னூல்கள் பலவற்றில் முன்பே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சொந்த விவகாரமாக மட்டும் விடாமல் எழுதத் தோன்றியது.

தமிழில் மின்னூல் வேலை அந்நிய தேசத்தில்தான் பெரிதாகத் தொடங்கியது. சுவிட்ஸர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்ட'த்தை ஆரம்பித்தார். பல தேசங்களில் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துக் கையால் தட்டச்சு செய்து, இன்னொருவர் பிழை பார்த்து, வலையேற்றினார்கள். முதலில் டிஸ்கி என்ற எழுத்து முறை, பிறகு யூனிகோடு. அது நூலிலிருந்து வலைக்குப் போன பாதை. 2013-ல் தொடங்கிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' குழுவினர் எதிர்த்திசையிலும் நடந்தார்கள். வலைப்பதிவு எழுதுகிறவர்களிடம் போய், உங்கள் எழுத்தை யாரும் இலவசமாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அனுமதி கொடுங்கள், நாங்கள் நூலாக்குகிறோம் என்று கேட்டார்கள். நூற்றுக்கணக்கில் நூல்கள் வந்தன. எல்லாம் சம்பளமில்லாத உழைப்பு. அவர்கள் ஒவ்வொரு நூலையும் பல வடிவங்களில் கொடுத்தார்கள். அதில் ஆறு அங்குலப் பிடிஎஃப் என்று ஒன்று. ஏன் என்று நெடுநாள் எனக்குத் தெரியாது. பழைய கிண்டில் கருவிகளில் தமிழ் சரியாக வராது. 'கொ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும். ஆகவே பக்கத்தைப் படமெடுத்த மாதிரி கருவியின் அளவுக்கே செய்து கொடுத்திருக்கிறார்கள். அமேஸான் கம்பெனி கிண்டில் கடையில் தமிழ் நூல்களை முறையாக விற்கத் தொடங்கியது 2016 கடைசியில். அதற்கு முன்பே இந்த ஏழைத் தொண்டர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

இவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குறை எழுதுகிறவர்களாகிய எங்களுடையது. வலைப்பதிவை நூலாக்க அனுமதி கேட்டால், 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம். எது நிற்கும், எது உதிரும், எதற்குப் பின் எது என்று உட்கார்ந்து பார்க்கிற சிரமத்தை யாருக்கோ விட்டுவிடுகிறோம். நான் படித்தவற்றில் சில நல்ல பயணக் கட்டுரைகளும் சிறுகதைகளும் இருந்தன. அவற்றைச் சுற்றி அன்றைய தினசரிச் செய்திக்கு எழுதிய கோபங்கள், யாருக்கோ பதில், பதிலுக்குப் பதில். அந்த யாரோ என்ன சொன்னார் என்பது நூலில் இல்லை. பக்கத்து வீட்டில் டெலிபோன் பேசுவதைக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

அச்சுப் புத்தகக்காரர்களும் ஒன்றும் யோக்கியமில்லை. எங்கள் ஊரில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் புத்தகத் திருவிழா நடத்திவருகிறது. அங்கே ஒரு வருஷம் ஒரு பிரசுரகர்த்தர் என்னிடம், "உங்க பிளாக்ல இருக்கறத அப்படியே அனுப்பிவிடுங்க, லே-அவுட் போட்டுக்கலாம்" என்றார். அப்படியே என்ற அந்தச் சொல்லை அவர் மிகவும் அன்பாகத்தான் சொன்னார். என் முதல் நாவல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. நூலாக்கும்போது ஆறு அத்தியாயங்களை எடுத்தேன். வாரக் கடைசியில் கதாநாயகியைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் 'அது பூனை' என்று சொல்லி ஏமாற்றிய அத்தியாயங்கள். தொடரில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஏழு நாள் இடைவெளி என்று ஒன்று இருந்ததல்லவா? நூலில் அந்த ஏழு நாள் ஒரு தாளின் கனமாகச் சுருங்கிவிடுகிறது. வலைப்பதிவிலும் அப்படித்தான். மூன்று மாதம் எழுதாமல் இருந்து, திடீரென்று ஒருநாள் வந்து வாத்தியார் எழுதியதற்கு அந்த மூன்று மாத மௌனமும் ஒரு பகுதி. தேதியை யந்திரம் எடுத்துவிட்டது. கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத சின்னத் துணுக்கு என்று நினைத்திருக்கும்.

வாத்தியாரின் நூலில் எனக்குப் பெரிய சங்கடம் கொடுத்தது ஒரு கதை. ஓர் ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வந்து தறிக்குழியில் தண்ணீர் ஏறிவிடுகிறது. தறியில் பாதி நெய்த ஜமக்காளம். அதை அறுத்தெடுத்துக் காப்பாற்றுகிறார்கள். இதை வாத்தியார் நான்கு தடவை எழுதியிருக்கிறார். 2008-ல் எழுதியபோது அறுத்தது அவருடைய அம்மா. 2011-ல் அப்பா. 2014-ல் பக்கத்துத் தறிக்காரர் ஓடிவந்து அறுக்கிறார். 2018-ல் எழுதியபோது கத்தரி கிடைக்காமல் கதிரரிவாளால் அப்பா அறுக்க, ஒன்பது வயதுப் பையனாக வாத்தியாரே அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான்காவதுதான் கதை. விளக்கு வெளிச்சம், தண்ணீரில் மிதக்கிற சிவப்புச் சாயம், அரிவாள் பட்டுப் பாவு நூல் ஒவ்வொன்றாகத் தெறிக்கிற சத்தம். நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. யந்திரம் நான்கையும் எடுத்து நூலின் நான்கு மூலைகளில் வைத்திருந்தது. நான்கும் ஒரே ராத்திரியைப் பற்றியவை என்று அதற்குத் தெரிய வழியில்லை.

நான்காவதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம் என்று மகளிடம் சொன்னேன்.

"எங்க அப்பத்தாதானுங்கண்ணா அறுத்தாங்க. மொதல்ல எழுதினதுதான் நெசம். அதுக்கப்புறம் எழுதினதெல்லாம் அப்பா என்னமோ ஒவ்வொரு விதமாச் சொல்லிப் பார்த்தாங்க."

நெசத்தை வைப்பதா, கதையை வைப்பதா? உ. வே. சாமிநாதையர் 1887-ல் 'சீவக சிந்தாமணி'யை அச்சில் கொண்டுவந்தவர். ஏடு வேறு ஏட்டோடு மாறுபட்டால், தமக்குச் சரியென்று பட்டதை மூலத்தில் வைத்து, மற்றதைப் பாடபேதம் என்று அடியில் காட்டுவது அவர் வழக்கம். எறிவதில்லை. ஆனால் அவருக்கு அது பிறர் கைபட்டு வந்த ஏடு. இங்கே நான்கும் ஒரே கை எழுதியது. யோசித்து, நான்கையும் ஓர் அத்தியாயமாக, தேதியோடு, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. முதல் மூன்றையும் படித்துவிட்டு நான்காவதுக்கு வருகிறவனுக்கு அந்த அரிக்கேன் விளக்கின்மேல் சந்தேகம் வந்துவிடும். அப்பத்தா அறுத்தது அறுத்ததுதான் என்று மகளுக்கு நிம்மதி. 317-ல் கடைசியாக நின்றது 140 அத்தியாயம். இரண்டு மாத வேலை. எடுத்ததையெல்லாம் தனியாக ஒரு கோப்பில் மருமகன் பத்திரப்படுத்தியிருக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை முடிகிற சமயத்தில்தான் கண்டேன். 2015-ல் ஓர் அத்தியாயம் முழுக்க அனுதாபச் செய்திகளாக இருந்தது. 'ஐயா, தங்கள் துயரில், குடும்பத்தாருடன், நாங்களும்' என்று அறுபத்து நான்கு பேர். எதற்கு அனுதாபம்? மூலப் பக்கத்தை இணையத்தில் திறந்து பார்த்தோம். வாத்தியார் எழுதியிருந்தது மூன்றே வரி. இன்று காலை 5 மணிக்கு அவள் போய்விட்டாள். அடுப்பில் வைத்த பால் அப்படியே இருக்கிறது. இனி சில நாள் எழுத மாட்டேன்.

500 எழுத்து தேறவில்லை. காற்புள்ளி ஒன்றுகூட இல்லை. யந்திரம் தன் விதிப்படி சந்தேகத்தைத் தளர்த்தித் தேடிப்போய், நீளமும் காற்புள்ளியும் நிறைந்த பின்னூட்டப் பெட்டிக்கு மார்க்கை அள்ளிப் போட்டு, அதையே கட்டுரை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. மூன்று வரி வெளியே நின்றுவிட்டது. தளம் ஒரு மாதம் முன்னால் மூடியிருந்தால் அந்த வரிகள் இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. மருமகனுக்கு முகம் வாடிவிட்டது. அந்த 500 என்ற எண்ணை நாமே மாற்றிக்கொள்ள முடியுமாம். மாற்றாமல் விட்டது தன் தப்பு என்றான். அதற்காக அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து 317 பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து நூலோடு ஒப்பிட்டோம். இன்னும் நான்கு சின்னப் பதிவுகள் இதே மாதிரி போயிருந்தன. ஒன்று மழை வந்ததைப் பற்றி ஒரே வரி.

அந்த மூன்று வரியை நான் கையாலேயே தட்டச்சு செய்து சேர்த்தேன்.

"மூணு வரிக்கு ஒரு அத்தியாயமுங்களா மாமா?" என்றான் மருமகன்.

"இருக்கட்டும்டா."

நூலை அனுப்பிய மூன்றாம் நாள் வாத்தியார் மகள் போன் செய்தார். அம்மா போன பதிவுக்கு அடுத்தாற்போல் ஒரு பக்கம் ஒன்றும் எழுதாமல் காலியாக இருக்கிறதே, அது வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையால் சேர்க்கும்போது ஒரு வெற்று அத்தியாயத்தையும் தவறுதலாக உள்ளே விட்டிருக்கிறேன். பிழைதான், இன்றைக்கே எடுத்துவிட்டு வேறு அனுப்பச் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாமுங்கண்ணா. அது இருக்கட்டுங்க. எடுத்துராதீங்க."